ஆராய்ச்சி வயலுக்கு வருமா? திருநெல்வேலிச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரங்களிலேயே பெரும்பாலும் காலம் போனது. இப்போது வீரவநல்லூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பல்கலைக்கழகம், ஆராய்ச்சி என்று யாராவது ஒருவர் கேள்வியோடு வந்துவிடுகிறார். சம்சாரி (எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம்) வருவார், கல்லூரிப் பிள்ளை வரும், பிள்ளையைப் பெற்றவரும் வருவார். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நெல்லும் தென்னையும்தான் அதிகம் வரும். எனக்குத் தெரிந்தது அதுதான்.

"ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு சொல்றீகளே அண்ணாச்சி, நம்ம ஊருக்கு அதனால என்ன வந்துச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

காலையில் இட்லி சாப்பிட்டீர்களா? அப்படியானால் பதில் உங்கள் வயிற்றுக்குள்ளேயே இருக்கலாம்.

அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தொடங்கியது. அங்கே ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் ஒட்டுச் சேர்த்து, 1986-இல் ஏ.எஸ்.டி. 16 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் விதை கேட்பதில்லை. "அம்பை 16 இருக்கா?" என்பதுதான் கேள்வி. குட்டையான, தடித்த வெள்ளை அரிசி. இட்லிக்கு மாவு நன்றாகக் காணும். மலை தாண்டிக் கேரளத்துக்கும் போகிறது.

இதில் பெரிய விஷயம் ருசி இல்லை, நாள்தான். 110 முதல் 115 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். தாமிரபரணிப் பாசனத்தில் கார் பருவம் என்பது தென்மேற்குப் பருவமழையை நம்பிய சூதாட்டம். பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூனில் திறப்பார்கள். மழை தள்ளிப்போனால் திறப்பும் தள்ளிப்போகும். கார் பருவத்தில் போட்ட நெல் வயலை விட்டு இறங்கத் தாமதமானால் அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு நாற்று முற்றிப்போகும். பத்து நாள் முன்னால் களம் காண்கிற ரகம் ஒன்று கையில் இருந்தால் இரண்டு பருவமும் பிழைக்கும். அந்தப் பத்து நாள்தான் ஆராய்ச்சி நமக்குக் கொடுத்தது. நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதை விதைக்கிறோம். அரசாங்கம் மானியம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் விதைக்கிறோம், அதைக் கவனியுங்கள்.

"அது ஆராய்ச்சி நிலையம்லா? பல்கலைக்கழகம் எங்க வந்துச்சு?"

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் உருவானது. அம்பை நிலையம், கோவில்பட்டி நிலையம், வல்லநாடு பக்கம் கிள்ளிகுளத்தில் இருக்கும் வ.உ.சி. பெயர் கொண்ட வேளாண் கல்லூரி எல்லாம் அதன் கீழ்தான். கிள்ளிகுளம் இப்போது தூத்துக்குடி மாவட்டத்துக்குள் இருக்கலாம். மாவட்ட எல்லையைப் பார்த்தா ஆறு ஓடுகிறது?

"ஒத்தை நாத்து நடவுன்னு ஒரு காலத்துல ஊரெல்லாம் பேச்சா இருந்துச்சே, அது என்ன கதை?"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் கூடவே நின்று பார்த்தது.

மடகாஸ்கர் தீவில் ஹென்றி டி லாலானி என்ற பாதிரியார் 1980-களில் சம்சாரிகளோடு வேலை செய்யும்போது கண்டுகொண்ட முறை அது. ஆங்கிலத்தில் 'எஸ்.ஆர்.ஐ.' என்பார்கள், துறைக் காகிதங்களில் 'திருந்திய நெல் சாகுபடி'. அதைக் கோவையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தவர்கள், பண்ணைக்குள்ளேயே வைத்துக் கட்டுரை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 2003-04-இல் காவிரிப் படுகையில் நூறு சம்சாரிகள், தாமிரபரணிப் படுகையில் நூறு சம்சாரிகள் என்று அவரவர் வயலிலேயே திடல் போட்டார்கள். ஒரே வயலில் ஒரு பாதி பழைய முறை, மறு பாதி புது முறை. அறுத்து எடை போட்டபோது நம் படுகையில் சராசரியாக எக்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கூடுதல் நெல் வந்தது.

என்ன வித்தியாசம்? விதை ஏக்கருக்கு மூன்று கிலோவுக்குள். நாமோ இருபது, இருபத்தைந்து, பயந்தவர்கள் முப்பது கிலோ என்று கொட்டிக்கொண்டிருந்தோம். ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் விட்ட இடத்தில் ஒரே ஒரு சென்ட் போதும். பாலிதீன் விரிப்பின் மேல் மண் பரப்பிப் பாய் மாதிரி சுருட்டி எடுக்கிற நாற்று. பதினாலாம் நாள் பிடுங்கி, ஒரு குத்துக்கு ஒரே நாற்று, இருபத்திரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்று, நாலு பக்கமும் சதுரமாக. தண்ணீரைக் கட்டி வைக்கக் கூடாது. மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் இரண்டரை சென்டிமீட்டர் விட்டால் போதும். பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவியை வரிசைக்கு இடையில் தள்ள வேண்டும். களை மண்ணுக்குள் அமுங்கும், வேருக்குக் காற்று போகும்.

நட்ட அன்று வயலைப் பார்க்கவே முடியாது. ஒல்லி ஒல்லியாக ஒற்றை இலை, இடையில் வெறும் சேறு. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு பெரியவர், தன் வயலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. ஊர் சிரிக்கும் என்ற கூச்சம். நாற்பதாம் நாள் அதே வயலில் ஒரு குத்தைக் கையால் வளைத்துப் பிடித்துத் தூர், அதாவது அடியிலிருந்து கிளைத்த தண்டு, எத்தனை என்று எண்ணச் சொன்னேன். முப்பத்தெட்டு வரை எண்ணிவிட்டு, "போதும்வே, கண்ணு பட்டுரும்" என்றார்.

"அவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லாரும் விட்டுட்டாக?"

எல்லோரும் விடவில்லை, பாதியை விட்டார்கள். காரணம் தூரில் இல்லை, தோளில் இருக்கிறது.

நம் பக்கம் நடவு பெண்கள் வேலை. குனிந்த முதுகோடு பேசிக்கொண்டே கை போன போக்கில் நட்டுப் பழகியவர்களிடம் கயிற்றைக் கொடுத்து முடிச்சுக்கு முடிச்சு ஒற்றை நாற்று வை என்றால், ஒரு நாள் வேலை ஒன்றரை நாள் ஆகிறது. கூலி மட்டும் அதே கூலி. அவர்கள் முனகியதில் நியாயம் இருந்தது. களை எடுப்பதும் பெண்கள் வேலைதான். கோனோவீடரோ கனமான சாமான். சேற்றில் முன்னும் பின்னும் இழுக்க ஆணின் கை வேண்டும் என்றார்கள், ஆணுக்கு இரட்டிப்புக் கூலி வேண்டும். வயலைக் கண்ணாடி மாதிரிச் சமப்படுத்தாவிட்டால் பள்ளத்தில் நின்ற இளநாற்று அழுகும். தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சு என்று நாங்கள் சொல்வோம். கடைமடைக்காரருக்கு மதகு திறக்கும் நாள்தான் தண்ணீர், அவர் எதைக் காயவிடுவார்?

2007-க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் நடந்த நீர்வளத் திட்டத்தில் இதையே இலக்கு வைத்துப் பரப்பினார்கள். இலக்கு வந்தால் பதிவேடு நிரம்பும், அதில் நானும் உடந்தை. ஆனால் மிஞ்சியது என்ன என்று பாருங்கள்: இன்று பாய் நாற்றங்கால் போடாத ஊர் குறைவு, ஏனென்றால் நடவு எந்திரத்துக்கு அது வேண்டும். விதை அளவு குறைந்துவிட்டது. முற்றிய நாற்றை நடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்காகத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சிக்காரரின் ஜீப் வராத இரண்டாவது வருஷம் சம்சாரி தானாக எதைச் செய்கிறாரோ, அதைத்தான் கணக்கில் சேர்ப்பேன்.

"கரிசல்காட்டுக்கு ஒண்ணும் கிடையாதா? ஆத்துப் பாசனத்தையே பேசுதீகளே."

கோபம் நியாயம். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-இல் வந்தது. அம்பைக்கு அது மூத்த அக்கா. மானாவாரிப் பருத்தி, சோளம், பயறு எல்லாம் அங்கே.

எனக்குப் பிடித்தது விதைக் கடினப்படுத்துதல். சோள விதையை இரண்டு சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஆறு மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கே உலர்த்தி விதைப்பது. மழைக்கு முன்னாலேயே காய்ந்த கரிசலில் ஆழமாகப் போட்டுவிடலாம். சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காது, நல்ல மழைக்கு ஒரே சீராகக் கிளம்பும், இடையில் காய்ச்சல் வந்தாலும் கொஞ்சம் தாங்கும். எந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒரு வாளியும் சாக்கும் போதும். விருதோ பத்திரிகைப் படமோ இதற்குக் கிடைக்காது.

"தென்னை ஓலை எல்லாம் கருப்பா அழுக்குப் பிடிச்சுக் கெடக்கு. மருந்துக்கடைக்காரர் ஒரு மருந்து தந்தார், அடிக்கலாமா?"

அடிக்காதீர்கள். அது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டு, பிறகு தென்காசித் தோப்பு வரை வந்துவிட்டது. இலைக்கு அடியில் வெள்ளைச் சுருளாக முட்டை வைக்கும். அது கழிக்கும் இனிப்பு நீரின் மேல் கரும்பூசணம் படரும். கடுமையான மருந்து அடித்தால் ஈயோடு சேர்ந்து அதைத் தின்கிற என்கார்சியா குளவியும் சாகும். என்கார்சியா கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து உள்ளிருந்தே முடித்துவிடும். அது இருக்கிற தோப்பிலிருந்து ஓலைத் துண்டை வெட்டி வந்து உங்கள் மரத்து ஓலையில் செருகி வைப்பதுதான் வைத்தியம். கூடவே விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கரைத்து அடித்தால் காய்ந்து பொருக்காக உதிரும். பரோட்டாவுக்குப் போக மீதி மைதாவுக்கு வேலை.

இதற்கு முன்னோடி பப்பாளி மாவுப்பூச்சி. 2008-இல் கோவைப் பக்கம் வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளை பூசியது. மருந்தடித்து ஓய்ந்தார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் வரவழைத்தார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கிச் சம்சாரிகளுக்குக் கொடுத்தது. சில மாதத்தில் அடங்கிவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பூச்சியின் பெயரே தெரியாது, அதைவிட வேறு சான்று எதற்கு?

"விவசாயத்த விட்டா வேற எதுவும் இல்லையா?"

இருக்கிறது. நம் ஊர் இல்லை, மதுரை. தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன், தூக்கியெறிகிற பிளாஸ்டிக் பையைச் சாலைக்குள் போட்டார். ஜல்லியை 170 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் தாரை ஊற்றிக் கலக்க வேண்டியதுதான். தார் மிச்சம், தண்ணீர் உள்ளே இறங்குவது குறைவு, அதனால் குழியும் குறைவு. 2002-இல் கல்லூரி வளாகத்தில் போட்டுப் பார்த்தார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பி.வி.சி. மட்டும் சேர்க்கக் கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். சாலை தேய்கிறபோது பிளாஸ்டிக் துகள் எங்கே போகும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான்.

"மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்ன செய்யுது?"

1990-இல் அபிஷேகப்பட்டியில் வந்தது. ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் மையம், ராஜாக்கமங்கலத்தில் கடல் அறிவியல் மையம் என்று வெளியிலும் கிளைகள் உண்டு. ஆற்றைப் பற்றிக் கேள்வி இருந்தால் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

ஆற்றைச் சொன்னதும் இன்னொன்று. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், பறவை பார்க்கிறவர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். ஒரு தடவை நானும் போனேன். பறவையை விட, எந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, எதில் குப்பை கொட்டுகிறார்கள் என்பதுதான் என் கண்ணில் பட்டது.

"எங்க ஊர்ல ஒரு காலேஜ்காரங்க வந்து கருவி மாட்டிட்டுப் போனாங்க. இப்ப அது வேலை செய்யல. யார்ட்ட சொல்ல?"

என் சித்தப்பா மகன் வாழைத்தோட்டத்திலும் இதே கதை. பெயர் வேண்டாம், ஒரு கல்லூரி. மண் ஈரத்தை அளந்து போனுக்குச் செய்தி அனுப்பும் பெட்டி. கம்பத்தின் உச்சியில் சின்ன சோலார் தகடு. திறப்பு விழாவுக்குப் பேனர், பொன்னாடை, கேசரி எல்லாம் உண்டு. நாலு மாசம் செய்தி வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். பிறகு பெட்டிக்குள் இருந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய ஆளில்லை. பிள்ளைகள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். இப்போது கம்பத்தில் கரிச்சான் குருவி உட்கார்ந்து பூச்சி பிடிக்கிறது. துறையில் நாங்கள் பறவைத்தாங்கி நடச் சொல்வோம், ஆக முழு நஷ்டமில்லை.

அடுத்த முறை யாராவது வந்தால் மாட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும்? மாசச் செலவு யாருடையது? சாமான் தென்காசியிலோ பாளையங்கோட்டையிலோ கடையில் கிடைக்குமா?

"எங்க பிரச்சினையச் சொல்ல எங்க போகணும்? வெறுங்கையோட போனா மதிப்பாங்களா?"

பயிருக்கு ஊத்துமலையிலும் வாகைக்குளத்திலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கிள்ளிகுளத்துக்கும் போகலாம். மாட்டுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. மீனுக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, 1977-லிருந்து இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டவும் சிபாரிசு வேண்டாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள் என்பது மட்டும் சரி. நோய்ப்பட்ட செடியை வேரோடு பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பாலிதீன் பையில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் வெந்துவிடும், நோய் எது அழுகல் எது என்று தெரியாது. மண் என்றால் வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, பக்கத்துச் சுவரைச் சுரண்டி எடுங்கள். வரப்போரம், எருக்குழி, மரநிழல் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை இதையே திருப்பிச் செய்யுங்கள். முன்பருவம் என்ன போட்டீர்கள், என்ன உரம் இட்டீர்கள் என்பதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போடுங்கள்.

"மக கடைசி வருஷம் இன்ஜினியரிங். புராஜெக்டுக்கு விஷயம் சொல்லுங்க."

காசு கொடுத்துக் கடையில் புராஜெக்ட் வாங்க வேண்டாம் என்பது முதல் வேண்டுகோள்.

பனையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஏறத்தான் ஆளில்லை. "தென்னை ஏறக் கருவி இருக்கே" என்பார்கள். தென்னை சொரசொரப்பில்லாத உடம்பு, அதில் மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை ஏறினால் போதும். பனையோ கருக்கு மட்டை நிற்கும் மரம். பதநீர்க் காலத்தில் ஒரே மரத்தில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை ஏற வேண்டும், அப்படிப் பல மரம். மாட்ட ஐந்து நிமிடம், கழற்ற ஐந்து நிமிடம் என்றால் அந்தக் கருவியைப் பனையேறி தொட மாட்டார். முதலில் ஒரு பனையேறி அண்ணாச்சியோடு விடியற்காலையில் நாலு நாள் நிற்கட்டும், பிறகு கம்ப்யூட்டரில் படம் போடட்டும்.

இல்லாவிட்டால் பீடி. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் முறத்தை வைத்து ஆச்சிமாரும் அக்காமாரும் சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி, அதனால் நிமிர நேரமில்லை. கழுத்து, இடுப்பு, புகையிலைத் தூசி, கை விரல். இத்தனை கல்லூரி சுற்றிலும் இருந்தும், அந்த முறத்துக்கும் உட்காரும் பலகைக்கும் ஒரு நல்ல மாற்று இன்னும் என் கண்ணில் படவில்லை.

"கண்டுபிடிச்சா உரிமை யாருக்கு?"

காப்புரிமை இருபது வருஷம். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி. மாணவி பெயர் கண்டுபிடித்தவர் பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பம் போகும் முன்பே பாருங்கள். விதை வேறு சட்டம்: 2001-ஆம் வருஷத்துச் சட்டப்படி உங்கள் வயலில் விளைந்ததை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், முத்திரைப் பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம்.

"2023 வெள்ளத்துக்கு இவங்க என்ன செஞ்சாங்க?"

டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதைத் தாங்க எந்த ஆராய்ச்சியும் குடை பிடிக்காது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு பிசான நெல் மூழ்கி அழுகியதே, அதற்கு வழி உண்டு. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நாட்டு நெல்லிலிருந்து எடுத்த சப்1 மரபணு, இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பயிரைப் பிழைக்க வைக்கும். அது சேர்ந்த சி.ஆர். 1009 சப்1 என்ற நெல் ரகம் தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் வயது 155 நாள், சம்பாவுக்கு ஆனது. நம் பிசானத்துக்கு வயது ஒத்த ஒன்று வேண்டும். அம்பைக்காரர்களிடம் நான் ஒவ்வொரு வயல்வெளி நாளிலும் இதைத்தான் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

"எங்க தொழுவத்துல பழைய கோனோவீடர் ஒண்ணு துருப்பிடிச்சுக் கெடக்கு. எடைக்குப் போட்டுரவா?"

போடாதீர்கள். இரண்டு உருளையும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, அச்சில் கிரீஸ் வையுங்கள். கைப்பிடியின் உயரத்தைத் தள்ளுகிறவரின் இடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் தள்ளினால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், அன்று நாங்கள் யாரும் அதைச் செய்யவில்லை. எந்திர நடவு வயலில் வரிசை ஒரு பக்கம்தான் சீராக இருக்கும், அந்தப் பக்கமாக மட்டும் தள்ளுங்கள். வரிசை நெருக்கமாக இருந்து உருளை தூரில் இடித்தால் வேண்டாம். சேற்றில் விரற்கடை அளவு தண்ணீர் நிற்கட்டும், காய்ந்த மண்ணில் தள்ளினால் தோள் போய்விடும்.